செவ்வாய்க்கு ஓர் உண்டியல்

விண்வெளியில் கடத்தல் என்றால் நாளைய கதை என்று நினைக்கிறோம். அது தொடங்கி 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1965 மார்ச் 23 அன்று ஜெமினி 3 கலத்தில் பறந்த ஜான் யங், விண்வெளி உடையின் பையில் ஒரு மாட்டிறைச்சி சாண்ட்விச்சை ஒளித்துக் கொண்டுபோனார். மேலே போனதும் கூட வந்த கஸ் கிரிஸமிடம் அதை எடுத்து நீட்டினார். ரொட்டித் துகள்கள் கலத்துக்குள் மிதக்க ஆரம்பித்ததும் கிரிஸம் சட்டென்று அதைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். கருவிகளுக்குள் துகள் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிலேயே கேள்வி எழுந்தது.

ஆறு வருடம் கழித்து விளையாட்டு வியாபாரமானது. 1971-ல் சந்திரனுக்குப் போன அப்பல்லோ 15 கலத்தில் டேவிட் ஸ்காட், ஆல் வோர்டன், ஜிம் இர்வின் மூவரும் அனுமதிப் பட்டியலில் இல்லாத 398 தபால் உறைகளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவற்றில் 100 உறைகள் ஒரு ஜெர்மன் தபால்தலை வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆளுக்கு 7,000 டாலர் என்று பேச்சு. அடுத்த ஆண்டு குட்டு உடைந்தது. மூவரும் அதன்பின் விண்வெளிக்குப் போகவேயில்லை.

வைரமோ போதைப்பொருளோ எதுவும் போகவில்லை, தபால் உறைகள்தான் போயின. காரணம் எடை. விண்வெளியில் கடத்துகிறவனுக்குப் போலீஸுக்கு முன்னால் தராசு வந்து நிற்கும். பெர்சிவரன்ஸ் என்ற ஊர்தியை நாசா 2021-ல் செவ்வாயில் இறக்கியது. எடை 1,025 கிலோ. ஊர்தி, ராக்கெட், இயக்கம் எல்லாம் சேர்த்துச் செலவு சுமார் 270 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 26 லட்சம் டாலர். 2025-ன் தொடக்கத்தில் ஒரு கிலோ தங்கம் ஏறத்தாழ 90 ஆயிரம் டாலர். அதாவது தங்கத்தைச் செவ்வாய்க்குக் கொண்டுபோகும் கூலி, தங்கத்தின் விலையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. புதிய ராக்கெட்டுகள் வந்து கூலி நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலும், சரக்கு மதிப்பில் கால்வாசிக்கு மேல் வண்டிக்கே போய்விடும்.

அப்படியானால் நாளைக்குச் செவ்வாயில் ஆட்கள் குடியேறினால், அங்கே சம்பாதிப்பவன் அரசுக்கும் வங்கிக்கும் தெரியாமல் ஊருக்கு எப்படிப் பணம் அனுப்புவான்? அறிபுனை எழுத்தாளர்கள் இதற்குக் கறுப்பு நிறக் கள்ளக் கலங்களையும் இரட்டை அடித்தளம் வைத்த பெட்டிகளையும் கற்பனை செய்வார்கள். என் கட்சி வேறு. எதையும் ஏற்றாமல், எந்தக் கலமும் கிளம்பாமல், மதிப்பை மட்டும் கடல் தாண்டிச் சேர்க்கும் எந்திரம் ஒன்று நம் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. அதன் ஒரு முனை ரங்கூனில் இருந்தது. மறுமுனை சிவகங்கை மாவட்டத்துக் கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களில் இருந்தது.

கீழச்சிவல்பட்டி, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரின் ஊர்களில் ஒன்று. பாடுவார் முத்தப்பர் என்ற புலவரின் ஊர். இந்தப் பக்கத்து ஊர்களில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வீடுகளைப் பார்த்து வியந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தேக்கு கப்பலில் வந்தது. அதை வாங்கிய காசு எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். அது பெரும்பாலும் வரவே இல்லை. கணக்கில் ஏறியது, அவ்வளவுதான்.

1925 என்று வைத்துக்கொள்வோம். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு பெட்டியடியில் (செட்டியார் வட்டிக்கடையில்) அடுத்தாளாக (உதவியாளராக) இருக்கும் ஒருவர் கீழச்சிவல்பட்டியில் இருக்கும் தன் ஆத்தாளுக்கு 500 ரூபாய் அனுப்ப வேண்டும். அன்றைய வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம். ஐந்நூறு காசு கிட்டத்தட்ட 5.8 கிலோ. யாரிடமாவது கொடுத்தனுப்பினால் கப்பல், ரயில், மாட்டுவண்டி என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் நெஞ்சு படபடக்கும். அவர் அதைச் செய்யவில்லை. மேலாளிடம் பணத்தைக் கட்டினார். மேலாள் கைப்பெட்டியைத் திறந்தார். சாய்ந்த மூடி போட்ட மரப்பெட்டி அது, மூடியே எழுதுபலகை. பிள்ளையார் சுழி போட்டு, தமிழ் வருடம், மாதம், தேதி எழுதி, ஊரிலுள்ள இன்ன விலாசத்தார் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று ஒரு தாள் எழுதினார். அந்தத் தாள்தான் உண்டியல். தபாலில் அது போய்ச் சேர்ந்ததும் ஊரில் உள்ள பெட்டியடி தன் கையிருப்பிலிருந்து ஆத்தாளுக்குப் பணம் கொடுத்தது. ரங்கூனில் கட்டிய காசு ரங்கூனிலேயே இருந்தது. ஊரில் வாங்கிய காசு ஊரிலேயே இருந்த காசு. கடலைத் தாண்டியது ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தை யாராவது திருடினால்? திருத்தினால்? தாள் நனைந்து கப்பலோடு போனால்? இங்கேதான் கைவேலை ஆரம்பிக்கிறது. இந்திய வணிகர்கள் எல்லாருமே இதற்கு வழி வைத்திருந்தார்கள்; வடநாட்டில் உண்டி எனப்பட்ட தாள்களில் அது இன்னும் நுணுக்கமாகத் தெரிகிறது. ஆயிரம் ரூபாய் என்று எழுதியதோடு விடமாட்டார்கள். அதில் பாதி ஐந்நூறு, அதன் இரட்டிப்பு முழுத்தொகை என்றும் எழுதுவார்கள். ஆயிரத்தை நான்காயிரமாக்க நினைப்பவன் பாதியையும் இரண்டாயிரமாக்க வேண்டும். எண்ணிலும் எழுத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். செய்திக்குள்ளேயே அது கெட்டுப்போனதா என்று சோதிக்கும் தகவலை ஒளித்து வைக்கும் இந்த உத்திக்குக் கணினியியலில் பிழைகாண் குறி என்று பெயர். உங்கள் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இதே வேலையைத்தான் செய்கிறது. முதல் பதினொன்றையும் ஒரு கணக்கில் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.

திருட்டுக்கு இன்னொரு பூட்டு. ‘ஷா ஜோக்’ வகை உண்டியை யார் வேண்டுமானாலும் நீட்டிப் பணம் வாங்க முடியாது. சந்தையில் பெயர் பெற்ற வணிகர் ஒருவர் வழியாகத்தான் வாங்கலாம். திருடனுக்குத் தாள் கிடைக்கும், சாட்சி கிடைக்காது. தாள் தொலைந்தால் ‘பைட்’ என்ற இரண்டாம் பிரதி. அதுவும் தொலைந்தால் ‘பர்பைட்’ என்ற மூன்றாம் பிரதி. மூன்றில் எது முதலில் வந்தாலும் பணம் கொடுத்தாகிவிடும், அந்த நொடியே மற்ற இரண்டும் செல்லாக் காசு. ஒரே காசை இரண்டு முறை செலவழிக்க விடாமல் தடுப்பது எப்படி என்று பிட்காயின் உருவாக்கியவர் மண்டையை உடைத்துக்கொண்ட அதே சிக்கல் இது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது ‘ஜோக்மி உண்டி’. கப்பலில் சரக்கு ஏற்றியவர் அந்தச் சரக்கின் பேரில் எழுதும் உண்டி அது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தால் மட்டும் பணம். மூழ்கினால் உண்டியும் மூழ்கியது. முன்பே காசு கொடுத்து அதை வாங்கியவருக்கு நஷ்டம். அந்த ஆபத்துக்கு ஈடாக அவர் அதைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். கடனும் காப்பீடும் ஒரே தாளில். பயணத்தில் பாதி தொலைந்துபோகும் என்று தெரிந்தே ராக்கெட் விடப்போகும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பத்திரம் இருக்குமா தெரியவில்லை.

பிரிட்டிஷ் அரசு 1881-ல் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தத் தாள்களைத் தொடவில்லை. கீழைநாட்டு மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தை இந்தச் சட்டம் பாதிக்காது என்று முதல் பிரிவிலேயே விலக்குக் கொடுத்தது. சட்டம் பிறக்கும்போதே உண்டியலுக்கு வழிவிட்டு நின்றது.

இனி எந்திரத்தின் நடு அச்சுக்கு வருவோம். ஊர்ப் பெட்டி தன் கையிருப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் காலியாகிவிடாதா? ஆகாது. எதிர்த்திசையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊரில் பணம் வைத்திருப்பவர்கள் பர்மாவில் வட்டிக்கு விட அதை அனுப்புகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தொழில் வைத்துக்கொடுக்க மாமனார் அனுப்புகிறார். ஒரு மாதத்தில் ரங்கூனிலிருந்து ஊருக்கு 50,000 ரூபாய் உண்டியல் வந்தது, ஊரிலிருந்து ரங்கூனுக்கு 46,000 போனது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 96,000 ரூபாய் ‘பயணம்’ செய்திருக்கிறது. உண்மையில் தீர்க்க வேண்டியது 4,000. இப்படி ஒருவருக்கொருவர் தர வேண்டியதைக் கழித்து மீதியை மட்டும் கொடுப்பதை நிகரத் தீர்வு என்பார்கள்.

இரண்டு ஊர் நான்கானால் வித்தை இன்னும் கூடுகிறது. ரங்கூன் பினாங்குக்கு 10,000 தர வேண்டும். பினாங்கு கொழும்புக்கு 10,000. கொழும்பு செட்டிநாட்டுக்கு 10,000. செட்டிநாடு ரங்கூனுக்கு 10,000. நாற்பதாயிரம் ரூபாய்க் கடன் நான்கு பேரேடுகளில் நிற்கிறது. நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் கடனே இல்லை. பேனாவை எடுத்து நான்கு கோடு போட்டால் கணக்கு முடிந்தது. இன்றைய உலகின் பெரிய வங்கிகள் அன்னியச் செலாவணியைத் தீர்க்க 2002-ல் சி.எல்.எஸ். என்ற நிறுவனத்தைத் தொடங்கின. வங்கிகள் தினமும் ஒன்றுக்கொன்று தர வேண்டிய தொகையில் 96 சதவீதத்துக்கு மேல் இந்தக் கழித்தலிலேயே காணாமல் போகிறது. மீதிக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். மேலே நான் போட்ட 96,000க்கு 4,000 என்ற கணக்கும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்.

வலை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கழித்தல் எளிது. நகரத்தாரின் வலை சிறியதல்ல. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது அந்த ஒரு நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்பது அதன் மதிப்பீடு. இலங்கை, மலாயா, சிங்கப்பூர் தனி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்ற ஒரே கூடத்துக்குள் பல பெட்டிகள் வரிசையாக இருக்கும். பக்கத்துப் பெட்டிக்காரரின் முகத்தைப் பார்த்தே அவர் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இத்தனை கடைகளும் ஒரே விலையில் பணத்தை எப்படிப் பரிமாறின? ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி அந்த மாதத்து வட்டியை நிர்ணயித்தார்கள். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் அதன்படி. சாமி சன்னதியில் வட்டி விகிதமா என்று சிரிக்கலாம். ரிசர்வ் வங்கி 1935-ல்தான் பிறந்தது. மும்பையில் அதன் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடிச் செய்வதை இவர்கள் முன்பே மாதம் ஒருமுறை செய்துவிட்டு, பிரசாதமும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வட்டி என்றதும் ஒரு விண்வெளிச் சிக்கல் எட்டிப் பார்க்கிறது. பின்னாளில் நோபல் வாங்கிய பால் க்ருக்மன் 1978-ல் விண்மீன்களுக்கிடையிலான வணிகம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாதி கிண்டல், கணக்கு மட்டும் சுத்தம். 2010-ல்தான் அது ஆய்விதழில் அச்சேறியது. அதில் கேட்ட கேள்வியை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஒளியின் வேகத்தில் 80 சதவீத வேகத்தில் ஒரு கலம் சரக்கோடு போகிறது. நம் கடிகாரத்தில் பயணம் 10 ஆண்டு. ஐன்ஸ்டைன் சொன்னபடி, கலத்துக்குள் இருக்கும் கடிகாரத்தில் 6 ஆண்டுதான். முதலுக்கு எத்தனை ஆண்டு வட்டி? மாலுமி ஆறு என்பான். க்ருக்மன் பத்து என்கிறார். ஏனென்றால் முதல் போட்டவர் அந்தப் பணத்தை ஊரிலேயே வட்டிக்கு விட்டிருந்தால் பத்து ஆண்டு வட்டி வந்திருக்கும். இதைச் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளை ஒருவரிடம் கேட்டிருந்தால் சார்பியல் கொள்கை தெரியாமலேயே அதே பதிலைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கப்பலின் கடிகாரம் அவருக்கு எதற்கு? நடப்பு வட்டி கோயிலில் ஓடுகிறது.

அடுத்தது தாமதம். செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது ஐந்தரைக் கோடி கிலோமீட்டர், விலகிப்போனால் 40 கோடி. ஒளியே அங்கே போய்ச் சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் ஆகும். ‘கிடைத்ததா?’ என்று கேட்டு ‘கிடைத்தது’ என்ற பதில் வர 44 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். நம் இணையம் இதைத் தாங்காது. நொடிக் கணக்கில் பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளும். அதனால் இணையத்தின் தந்தைகளில் ஒருவரான விண்ட் செர்ஃப் 1998 முதல் நாசா ஆய்வாளர்களோடு சேர்ந்து வேறொரு முறையை உருவாக்கினார். தாமதம் தாங்கும் வலையமைப்பு என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு நிலையமும் செய்தியை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளும். அடுத்த நிலையம் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருக்கும். அது பொறுப்பை ஏற்ற பின்புதான் தன் பிரதியை அழிக்கும். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் என்ற புவி ஆய்வுச் செயற்கைக்கோள் இந்த முறையில்தான் தரவு அனுப்புகிறது. கப்பல் தபாலை நம்பி வாழ்ந்த உண்டியல் பெட்டிகள் இப்படித்தான் வேலை செய்தன. ரங்கூன் பேரேட்டில் ஒரு வரி எழுதியாகிவிடும். ஊரிலிருந்து பணம் கொடுத்த செய்தி வரும் வரை அந்த வரி திறந்தே கிடக்கும்.

திறந்து கிடக்கும் அந்த நேரத்தில் ஒருவர் திவாலானால்? 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஹெர்ஸ்டாட் வங்கிக்கு இதுதான் நடந்தது. பகலில் ஜெர்மன் மார்க்குகளை வாங்கிக்கொண்டது; பதிலுக்கு நியூயார்க்கில் டாலர் கொடுக்க வேண்டிய நேரம் வருவதற்குள் அதிகாரிகள் கதவைச் சாத்திவிட்டார்கள். மார்க் கொடுத்தவர்கள் டாலர் இல்லாமல் நின்றார்கள். சில மணி நேர வித்தியாசம் உலக வங்கித் தொழிலை ஆட்டிவிட்டது. நான் மேலே சொன்ன சி.எல்.எஸ். பிறந்ததற்கு இந்தப் பாடம் ஒரு காரணம். மணிக்கணக்கில் தாமதம் இருந்த இடத்தில் வங்கிகள் தடுமாறின. வாரக்கணக்கில் தாமதம் இருந்த இடத்தில் உண்டியல் தடுமாறாமல் ஓடியதற்குக் காரணம், ஓடிப்போக இடம் இல்லை என்பதுதான். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றில் புள்ளி, அதாவது கணக்கில் பதிந்த உறுப்பு. கல்யாணம் என்றால் கோயில் மாலை வர வேண்டும். ரங்கூனில் வாக்குத் தவறியவனின் மகளுக்குக் கீழச்சிவல்பட்டியில் மாப்பிள்ளை கிடைக்காது. சாதி அமைப்பே இங்கே வங்கி அமைப்பாக வேலை செய்தது என்பது 1994-ல் இதைப் பற்றி நூல் எழுதிய டேவிட் ரட்னரின் வாதம். நாம் சாதிக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. அடமானமாக வைக்கப்பட்டது பெயர் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இந்த எந்திரத்துக்கு எல்லை உண்டு. அது காசை நகர்த்தும், நிலத்தை நகர்த்தாது. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1937-ல் 25 சதவீதம். நிலம் இழந்தவர்களின் கோபமும் அதே அளவுக்கு ஏறியது, அதில் நியாயமும் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது அத்தனை நிலத்தையும் ஓர் உண்டியல் தாளில் எழுதி ஊருக்கு அனுப்ப முடியவில்லை. முன்னெச்சரிக்கையாகச் சிலர் இதே வலையைச் சட்டப்படியான வங்கியாகவும் மாற்றியிருந்தார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது.

அதுவரை உண்டியல் சட்டப்படியான தொழில். 1947-ல் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1973-ல் அது இறுகியது. நாடு தாண்டிப் பணம் அனுப்ப வேண்டுமானால் அனுமதி பெற்ற வங்கி வழியாக என்றானது. எந்திரம் அப்படியே இருந்தது. சட்டத்தின் வெளிச்சம் மட்டும் விலகிப்போய், வட இந்தியாவில் ஹவாலா என்றும் நம்மிடம் உண்டியல் என்றும் அது இருட்டில் ஓடத் தொடங்கியது. செட்டியார்களின் தொழிலாகவும் அது இல்லாமல் போனது. யார் யாரோ கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இருட்டில் கையெழுத்துப் போட்ட தாள் ஆபத்து. அதற்கு மாற்றாக வந்த கண்டுபிடிப்பை நினைத்தால் கோபமும் வரும், சிரிப்பும் வரும். பணம் வாங்கப்போகிறவர் கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு. அதன் வரிசை எண் வெளிநாட்டில் பணம் கட்டியவர் வழியாக, பணம் கொடுக்கப்போகிறவரின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கும். நோட்டை நீட்டினால் எண்ணை ஒத்துப்பார்த்துப் பணம் கொடுப்பார். நோட்டை வாங்கி வைத்துக்கொள்வார். அந்த எண் போட்ட நோட்டு நாட்டில் ஒன்றுதான். எண் தெரிந்தால் போதாது, நோட்டே கையில் இருக்க வேண்டும். வங்கி உங்களிடம் அட்டையும் கேட்டு ரகசிய எண்ணும் கேட்கிறதே, அந்த இரட்டைச் சான்று இது. கொடுத்தவரிடம் தங்கிவிடும் நோட்டு ரசீதாகவும் ஆகிவிடுகிறது. கள்ள நோட்டு அடிக்க முடியாதபடி நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் வைத்து இந்தச் சீட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி. சட்டவிரோத வலைக்கு அரசாங்கமே சாவி தயாரித்துக் கொடுத்த கதை இது.

சட்டத்தை மீறி ஆட்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்கு இலங்கை ஒரு தெளிவான சோதனைக்கூடம். வெளிநாட்டிலிருந்து அங்கே வங்கி வழியாக வந்த பணம் 2020-ல் 710 கோடி டாலர். 2021-ல் அரசு டாலரை 200 ரூபாயை ஒட்டி இறுக்கிப் பிடித்தது; உண்டியல்காரர்கள் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வங்கி வழி வரவு அந்த ஆண்டு 549 கோடியானது. 2022-ல் 379 கோடி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீடுகளுக்குப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. நாட்டின் கஜானாவுக்குத்தான் டாலர் வரவில்லை. பெட்ரோலுக்கு வரிசை நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டு வலைக்கும் ஒரு நோய் உண்டு. கணக்கு எப்போதும் நேராகாது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இங்கே வரும் பணம் அதிகம், இங்கிருந்து போவது குறைவு. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024-ல் இந்தியாவுக்கு முறைப்படி வந்ததே 12,900 கோடி டாலர். இருட்டு வலையிலும் ஓட்டம் அதே திசையில்தான். ஆகவே அங்கே குவியும் காசை ஏதாவது ஓர் உருவில் இங்கே கொண்டுவந்தே ஆக வேண்டும். பொய் விலைப்பட்டியல் போட்ட இறக்குமதி ஒரு வழி. இன்னொன்று தங்கம். ஒரு கிலோ தங்கத்தின் அளவு இரண்டு தீப்பெட்டிதான். இந்த இடத்தில்தான் குருவி வருகிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னையில் 1969-ல் உருவான பர்மா பஜார் நாளிலிருந்து நமக்குப் பழகிய ஆள். விமான டிக்கெட்டும் கொஞ்சம் கைச்செலவும் வாங்கிக்கொண்டு சாமான் சுமந்து வருபவர். 2008-ல் விஜய் படமாகவே வந்துவிட்டது. குருவியைத் தனி ஒரு கடத்தல்காரராகப் பார்க்கிறோம். பல நேரம் அவர் ஒரு பேரேட்டின் மீதித் தொகை. கழித்தலில் கழியாமல் நின்ற 4,000 ரூபாய்தான் அவர் இடுப்பில் இருக்கிறது.

இதை அரசு ஒரு கணக்கால் சோதித்தும் பார்த்தது. 2024 ஜூலை வரை தங்கத்துக்கு இறக்குமதி வரி 15 சதவீதம். கிலோ 70 லட்சம் என்று வைத்தால் ஒரு கிலோவைக் கள்ளத்தனமாகக் கொண்டுவருபவருக்கு மிச்சம் சுமார் பத்தரை லட்சம். பட்ஜெட்டில் வரி 6 சதவீதமாக இறங்கியது. மிச்சம் நான்கு லட்சத்துச் சொச்சம் ஆனது. டிக்கெட், கூலி, மாட்டிக்கொண்டால் வரும் நஷ்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது இந்த எண்களை ராக்கெட்டில் ஏற்றிப் பாருங்கள். 15 சதவீத வரியிலிருந்து தப்பிக்கப் பறந்த குருவி, கால்வாசிக்கு மேல் வண்டிக்கூலி கேட்கும் செவ்வாய்ப் பாதையில் ஒருநாளும் பிழைக்காது. அங்கே ஓடப்போவது தூய உண்டியல். செவ்வாயில் ஒருவரிடம் கட்டினால் பூமியில் ஒருவர் கொடுப்பார். இடையில் போவது 22 நிமிட வாக்கியம். இரண்டு கோள்களின் கணக்கும் ஆண்டுக்கணக்கில் திறந்து கிடக்கும். கழிய மறுக்கும் மீதியைத் தீர்க்கக் குருவி கிடையாது. அதனால் அங்கே இரண்டு பக்கமும் ஓட்டத்தைச் சமப்படுத்தத் தெரிந்தவர்தான் பெரிய முதலாளி. அவரைப் பிடிக்க வரும் அதிகாரியும் கலத்தைச் சோதனை போட்டுப் பயனில்லை. கணக்கேட்டைத்தான் தேட வேண்டும்.

இதை வாசித்துவிட்டு யாரும் உண்டியலில் பணம் அனுப்பக் கிளம்ப வேண்டாம். 1999-ன் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, பிடிபட்டால் அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. ஏமாற்றினால் கேட்க நாதியும் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயப்படுகிறவர் யாரும் இன்று மறுமுனையில் உட்கார்ந்திருக்கவில்லை. சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்ற முறை நம் யு.பி.ஐ.யோடு 2023 பிப்ரவரியிலேயே இணைந்துவிட்டது, போனிலேயே அனுப்பலாம்.

வேறொரு காரியம் செய்யலாம். கீழச்சிவல்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் கைப்பெட்டிகள் இன்னும் இருக்கும். பெட்டிகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து நல்ல விலைக்குப் போகின்றன. உள்ளே இருக்கும் பேரேடும் ஐந்தொகையும் உண்டியல் தாளும் எடைக்குப் போகின்றன, இல்லையென்றால் அடுப்புக்கு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் தமிழ் எண்களில் எழுதிய தாள் ஏதாவது இருந்தால், பெட்டியை விற்பதற்கு முன் அதை எடுத்து ஒரு நூலகத்துக்கோ ஆய்வு செய்பவருக்கோ காட்டுங்கள்.